கோபுரச் செடிகள்

கோபுரம், மதில் ஆகியவற்றின் இடுக்குகளில் முளைத்து, வேரால் கட்டுமானத்தைப் பிளக்கும் மரக்கன்றுகள். பெரும்பாலும் அரசு, ஆல் முதலிய அத்தி இனத்தவை; காக்கை, மைனா எச்சத்தால் விதை பரவும். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் 217 அடி உயர, 11 நிலை இராஜகோபுரம் போன்றவற்றில் கருங்கல் அடித்தளத்தைவிட மேலுள்ள செங்கல், சுதைப் பகுதியே வேருக்கு எளிதில் இடங்கொடுக்கும். மயிரிழையாக நுழையும் வேர், காரையின் ஈரத்தில் பருத்துச் செங்கல்லை நெம்பும். அவ்வழியே மழைநீர் இறங்கும். மேலாக வெட்டுவது வீண்வேலை, மறுபடி தழைக்கும். இளங்கன்றை வேரோடு பிடுங்கலாம். முதிர்ந்ததை இழுத்தால் சுதையும் பெயரும். எனவே அடிக்கட்டையில் களைக்கொல்லி இட்டு, பட்டபின் அகற்றி, கடுக்காய், வெல்லம் சேர்த்த சுண்ணாம்புக் காரையால் இடுக்கை அடைப்பர். குடமுழுக்குத் திருப்பணிகளில் இது வழக்கம். எனினும் குடமுழுக்குகளுக்கு இடையிலான பன்னிரண்டு ஆண்டு இடைவெளி மிக நீண்டது, ஆண்டுதோறும் மழைக்குப்பின் களைவதே தக்க காப்பு.