வார்ப்பு ஈயக் குண்டுகளை அளவாக்கல்

அளவாக்கல் என்பது, ஈயக் கலப்புலோகத்தை உருக்கி வார்த்தெடுத்த துப்பாக்கிக் குண்டை, குறிப்பிட்ட விட்டமுள்ள எஃகு அச்சின் துளை வழியாக அழுத்திச் செலுத்தி, அதன் விட்டத்தை வேண்டிய அளவிற்குக் கொண்டுவரும் முறையாகும். ஐக்கிய அமெரிக்கா போன்ற, தனியார் துப்பாக்கி வைத்திருப்பதும் தோட்டாவை வீட்டில் நிரப்புவதும் பரவலாக உள்ள நாடுகளில், இலக்குச் சுடுதலிலும் வேட்டையிலும் ஈடுபடுவோர் பலர் தமக்கு வேண்டிய குண்டுகளைத் தாமே வார்த்துக் கொள்கின்றனர். வார்த்த குண்டை அளவாக்கிய பின்னரே தோட்டாவில் பொருத்த வேண்டுமா, அச்சிலிருந்து விழுந்தபடியே பொருத்தலாமா என்பது அவர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வினாவாகும். குண்டை மட்டும் பார்த்து இவ்வினாவிற்கு விடை கூற இயலாது. குண்டு செல்லவிருக்கும் குழலின் உள்விட்டமே விடையைத் தீர்மானிக்கிறது.

சொற்பொருள்

பேச்சு வழக்கில் குண்டு, தோட்டா, ரவை ஆகிய சொற்கள் ஒன்றிற்கொன்று மாற்றாக வழங்குகின்றன. இக்கட்டுரையில் குண்டு என்பது குழலிலிருந்து வெளியேறிப் பறந்து செல்லும் உலோகத் துண்டை மட்டும் குறிக்கும். பித்தளைக் கூடு, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. குழலின் உட்சுவரில் திருகுபோலச் செதுக்கப்பட்ட பள்ளங்கள் காடிகள் எனவும், அவற்றிற்கு இடைப்பட்ட பகுதிகள் மேடுகள் எனவும் அழைக்கப்படும். எதிரெதிர்க் காடிகளின் அடிப்பகுதிகளுக்கு இடையேயுள்ள தொலைவு காடி விட்டம் ஆகும்.

வரலாறு

குண்டிற்கும் குழலிற்கும் இடையிலான இடைவெளி, துப்பாக்கி தோன்றிய காலம் முதலே உள்ள சிக்கலாகும். வாய்வழி நிரப்பும் பழைய துப்பாக்கிகளில் குண்டு குழலைவிடச் சிறியதாக இருந்தால்தான் எளிதாக உள்ளே இறக்க முடியும். ஆனால், அவ்வாறு இறக்கிய குண்டு சுடும்போது காடிகளைப் பற்றிக் கொள்ளாது. துணித்துண்டு ஒன்றைக் குண்டின் மேல் சுற்றி இடைவெளியை நிரப்புவது பழைய தீர்வு. 1849 இல் பிரெஞ்சு இராணுவ அதிகாரி குளோட் எத்தியேன் மினியே வடிவமைத்த, அடிப்பகுதியில் குழிவுடைய குண்டு மற்றொரு தீர்வாக அமைந்தது. இது சிறியதாகவே உள்ளே செல்லும். வெடித்தபின் எழும் வளியின் அழுத்தத்தால் அடிப்பகுதி விரிந்து காடிகளை அடைத்துக் கொள்ளும்.

பிரித்தானியரின் 1853 ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம். குண்டைச் சுற்றியிருந்த தாளில் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அது குண்டு குழலில் எளிதாக இறங்குவதற்கும், கரி படியாமல் காப்பதற்கும் உதவியது. இக்கொழுப்பு பசு, பன்றி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்ற செய்தி 1857 ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றானதை வரலாற்று மாணவர்கள் அறிவர். மெழுகும் எண்ணெயும் கலந்த மசகு, இன்றைய வார்ப்புக் குண்டின் பக்கவாட்டுப் பள்ளங்களில் அதே வேலையைச் செய்கிறது.

பின்புறம் நிரப்பும் துப்பாக்கிகள் வந்தபின், குண்டு குழலைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கவும் வழி பிறந்தது. 1884 இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம், வீட்டில் வார்ப்பதற்கான அச்சுகளையும் கருவிகளையும் விற்றது. 1925 இல் இது லைமன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. குண்டை அளவாக்கும்போதே அதன் பள்ளங்களில் மசகையும் நிரப்பும் கைநெம்புகோல் கருவிகள் இந்நிறுவனங்களின் வழியாகப் பரவலாயின.

விட்டம் முதன்மை பெறுவதன் காரணம்

செம்பு உறையிட்ட தொழிற்சாலைக் குண்டு பெரும்பாலும் காடி விட்டத்திற்குச் சமமாகச் செய்யப்படுகிறது. உறையற்ற ஈயக் குண்டு அதைவிட ஏறத்தாழ 0.001 முதல் 0.002 அங்குலம் வரை பெரியதாக இருத்தல் நன்று என்பது நெடுநாள் பட்டறிவு. 0.001 அங்குலம் என்பது 0.025 மில்லிமீட்டர், அதாவது தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வழக்கமாகக் கைக்கொள்ளப்படும் சில அளவுகள் வருமாறு (அங்குலத்தில்):

- 9 மி.மீ. லூகர்: உறையிட்டது 0.355, வார்ப்பு 0.356
- .38 ஸ்பெசல், .357 மேக்னம்: உறையிட்டது 0.357, வார்ப்பு 0.358
- .44 மேக்னம்: உறையிட்டது 0.429, வார்ப்பு 0.430
- .45 ஏசிபி: உறையிட்டது 0.451, வார்ப்பு 0.452

குண்டு சிறியதாக இருந்தால், வெடிமருந்து எரிந்து எழும் சூடான வளி அதன் பக்கவாட்டில் புகுந்து முன்னோக்கிப் பீறிடும். இவ்வளி குண்டின் பரப்பை அரித்து, அரித்த ஈயத்தைக் குழலின் உட்சுவரில் அப்பிவிடும். இதற்கு ஈயப்படிவு என்று பெயர். படிவு மிகுந்தால் காடிகள் தூர்ந்து, குண்டு சரிவரச் சுழலாமல் இலக்குத் தவறும். ஈயம் மென்மையாக இருப்பதனால்தான் படிகிறது என்று கருதிப் புதியவர்கள் கடினமான கலப்புலோகத்தை நாடுவதுண்டு. ஆனால், படிவிற்கு மென்மையைவிடப் பொருந்தாத விட்டமே பெரும்பாலும் காரணமாகிறது. கடினமான குண்டு அழுத்தத்தால் எளிதில் விரியாது. ஆகவே, சிறியதாக வார்த்த கடினக் குண்டு சிக்கலை மேலும் கூட்டவே செய்யும்.

குண்டு மிகப் பெரியதாக இருந்தால் வேறு சிக்கல் எழும். கூட்டின் கழுத்து பருத்து, தோட்டா அறைக்குள் நுழையாமல் போகலாம். வலிந்து திணித்தால் கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமின்றி அழுத்தம் அளவுமீறி உயரக்கூடும். இது சுடுபவருக்கு ஆபத்தானது.

வார்ப்பில் விட்டம் மாறுபடுதல்

ஒரே அச்சில் வார்த்தாலும் எல்லாக் குண்டுகளும் ஒரே விட்டத்தில் அமைவதில்லை. உலோகம் குளிரும்போது சுருங்குகிறது. தூய ஈயம் மிகுதியாகச் சுருங்கும். ஆன்டிமணி கலந்த ஈயம் குறைவாகச் சுருங்கும். எனவே, பழைய அச்சகங்களில் பயன்பட்ட லைனோடைப்பு உலோகத்தில் (84% ஈயம், 12% ஆன்டிமணி, 4% வெள்ளீயம்) வார்த்த குண்டு, தூய ஈயத்தில் வார்த்ததைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். அச்சின் வெப்பநிலையும் விட்டத்தைப் பாதிக்கும். அச்சின் இரு பாதிகளும் முழுதாக மூடாவிடில் குண்டு வட்டமாக அமையாமல், இணைப்புக் கோட்டில் பிசிறுடன் வெளிவரும்.

குழலை அளத்தல்

அளவாக்குவது பற்றி முடிவெடுக்கும் முன், துப்பாக்கியின் உண்மையான காடி விட்டத்தை அறிதல் வேண்டும். துப்பாக்கியில் தோட்டா ஏதும் இல்லை என்பதை உறுதி செய்தபின், எண்ணெய் தடவிய குழலில் சற்றுப் பெரிய மென்மையான தூய ஈயத் துண்டு ஒன்றை மெல்லத் தட்டி மறுபுறம் வெளியேற்றுவர். அதன்மேல் பதிந்த காடிகளின் விட்டத்தைத் திருகு அளவியால் அளப்பர். இதற்கு வெர்னியர் அளவியின் நுட்பம் போதாது. காடிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு காடிக்கு நேரெதிரே மேடு அமையும். அப்போது சாதாரணத் திருகு அளவியால் நேரடியாக அளக்க இயலாது. இதற்கெனத் தனி அளவிகள் உள்ளன.

பெயரளவு விட்டத்தை நம்ப முடியாது என்பதற்கு .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி நல்ல எடுத்துக்காட்டு. இந்தியக் காவல்துறையில் நெடுங்காலம் பயன்பட்ட இத்துப்பாக்கியின் பெயரில் 0.303 என்றிருப்பது மேடுகளுக்கு இடையிலான அளவு. காடி விட்டம் 0.311 அங்குலத்தை ஒட்டியிருக்க வேண்டும். ஆனால், போர்க்காலத்தில் விரைந்து செய்யப்பட்டவற்றுள் 0.314 அங்குலத்தைத் தாண்டுவனவும் உண்டு. இத்தகைய குழலுக்கான குண்டைப் பட்டியலைப் பார்த்து 0.312 அங்குலமாக அளவாக்கினால், நன்றாக வார்த்த குண்டைத் தானே கெடுத்ததாகும்.

சுழல் கைத்துப்பாக்கியில் மற்றோர் அளவையும் பார்த்தல் வேண்டும். உருளையிலுள்ள ஒவ்வொரு அறையின் முன்பகுதியும் தொண்டை எனப்படும். தொண்டை குழலைவிடக் குறுகியிருந்தால், எவ்வளவு பெரிய குண்டைப் பொருத்தினாலும் அது தொண்டையிலேயே நெரிந்து சிறுத்துவிடும். இங்கே குறை துப்பாக்கியில் உள்ளது. குண்டை மாற்றித் தீர்க்க இயலாது.

அளவாக்க வேண்டிய சூழல்கள்

- குண்டு, குழலுக்கு ஏற்ற விட்டத்தைவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்கும்போது
- குண்டுகள் வட்டமாக அமையாமலோ ஒன்றுக்கொன்று வேறுபட்டோ இருக்கும்போது
- தானியங்கிக் கைத்துப்பாக்கி போன்று, எல்லாத் தோட்டாக்களும் தங்குதடையின்றி அறைக்குள் நுழைய வேண்டியிருக்கும்போது
- குண்டின் அடியில் செம்பு மூடி பொருத்தும்போது. அளவாக்கும் அச்சே மூடியை இறுக்கிப் பிடிக்கச் செய்கிறது
- குண்டின் மேல் நெகிழித் தூள் பூசிச் சூளையில் சுட்டபின். பூச்சு விட்டத்தைக் கூட்டிவிடுகிறது

அளவாக்கத் தேவையற்ற சூழல்கள்

அச்சிலிருந்து விழும் குண்டு ஏற்கனவே சரியான விட்டத்தில், வட்டமாக, தோட்டா தடையின்றி அறைக்குள் நுழையும் வகையில் இருந்தால் அளவாக்குவதால் பயனில்லை. மசகைப் பள்ளங்களில் நிரப்பாமல், நீர்ம மசகில் குண்டுகளைப் புரட்டி எடுப்பதற்கென்றே நுண்பள்ளங்களுடன் வடிவமைக்கப்பட்ட லீ நிறுவனத்தின் அச்சுகள் இவ்வகைப் பயன்பாட்டை எண்ணி உருவானவை.

வெடிமருந்தையும் குண்டையும் உருளையின் முன்புறமாக நிரப்பும் பழைய சுழல் கைத்துப்பாக்கிகளிலும் அளவாக்கல் இல்லை. அங்கு உருண்டைக் குண்டு அறையைவிடப் பெரியதாகவே வார்க்கப்படும். நெம்புகோலால் அழுத்தும்போது அறையின் விளிம்பு ஈயத்தை மெல்லிய வளையமாகச் சீவிவிடும். துப்பாக்கியே அளவாக்கும் அச்சாகச் செயற்படுகிறது எனலாம்.

குண்டு தேவைக்கும் சிறியதாக இருந்தால் அளவாக்கல் உதவாது. அச்சு குண்டைச் சிறிதாக்குமே தவிரப் பெரிதாக்காது. அத்தகைய குண்டை மீண்டும் உருக்கி, வேறு அச்சிலோ வேறு கலப்புலோகத்திலோ வார்ப்பதே வழி.

அளவாக்கலால் நேரும் குறைகள்

ஒரே முறையில் 0.003 அங்குலத்திற்கு மேல் குறைப்பது நன்றன்று என்பது பொதுவான கருத்து. மிகுதியாக அழுத்தினால் மசகுப் பள்ளங்கள் குறுகும். அடிப்பகுதியின் விளிம்பு சிதையும். குண்டு அச்சில் சாய்ந்து நுழைந்தால் ஒரு பக்கம் மட்டும் தேயும். இவற்றுள் அடிப்பகுதியின் சிதைவே இலக்குத் துல்லியத்தை மிகவும் பாதிக்கும். ஏனெனில், குழலின் வாயிலிருந்து கடைசியாக வெளியேறுவது அப்பகுதியே.

பொறியியல் மாணவர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. எஃகு, செம்பு போன்றவை அறை வெப்பநிலையில் அழுத்தி உருமாற்றும்போது கடினமாகின்றன. வெப்பமூட்டி நீரில் குளிர்வித்துக் கடினமாக்கிய ஈயக் கலப்புலோகமோ, அவ்வாறு அழுத்தும்போது மென்மையாகிறது. ஆகவே, வெப்பப் பதப்படுத்தல் செய்வோர் முதலில் அளவாக்கி, அதன்பின் பதப்படுத்துவர்.

சரியாக அளவாக்கிய குண்டும் பின்னர்க் கெடலாம். கூட்டின் கழுத்து போதிய அளவு விரிக்கப்படாவிட்டால் பித்தளை குண்டை நெரித்துச் சிறிதாக்கிவிடும். 9 மி.மீ. தோட்டாவில் இது அடிக்கடி நேர்வதாகும். மாதிரித் தோட்டா ஒன்றிலிருந்து குண்டைக் கழற்றி மீண்டும் அளந்து பார்த்தால் இது வெளிப்படும்.

உடல்நலமும் சூழலும்

ஈயம் நச்சுத்தன்மை வாய்ந்தது. குருதியில் ஈயத்தின் பாதுகாப்பான அளவு என ஏதும் அறியப்படவில்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. சிறுவர்களின் மூளை வளர்ச்சியை இது நிரந்தரமாகப் பாதிக்கும். உருகிய ஈயத்தின் மேல் திரளும் கசட்டின் தூசியும், ஈயத்தைத் தொட்ட கையுடன் உண்பதும் வார்ப்போருக்குள்ள முதன்மையான தீங்குகள். ஒவ்வொரு குண்டையும் கையால் எடுத்து அச்சில் வைப்பதால் அளவாக்கலும் இதற்கு விலக்கன்று. காற்றோட்டமான இடம், கைகழுவுதல், சமையல் பாத்திரங்களையும் சிறுவர்களையும் விலக்கி வைத்தல் ஆகியன இன்றியமையாதவை. உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் புகுந்தாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை வெளியே தெறிக்கச் செய்யும்.

வேட்டையில் சிதறும் ஈயத் துணுக்குகளை உண்ட பறவைகள் இறப்பதால், ஐக்கிய அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சிதறுகுண்டுகள் 1991 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. கலிபோர்னியா மாநிலம், 2013 இல் இயற்றிய சட்டத்தின்படி, 2019 சூலை 1 முதல் வேட்டை முழுவதற்கும் ஈயக் குண்டுகளைத் தடைசெய்தது.

இந்தியாவில்

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா முதலியவற்றைச் செய்வது தண்டனைக்குரிய குற்றமாகும். எனவே, இப்பொழுதுபோக்கு இங்கு வழக்கில் இல்லை. எனினும், விட்டம் பற்றிய இதே வினா இந்தியச் சுடுகளங்களிலும் எழுகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பயன்படும் 4.5 மில்லிமீட்டர் ஈயச் சிறுகுண்டுகள், 4.49, 4.50, 4.51 எனத் தலைவிட்டம் வாரியாகத் தரம் பிரித்து விற்கப்படுகின்றன. போட்டியாளர்கள் குண்டை அழுத்திச் சிறிதாக்குவதில்லை. தம் குழலில் ஒவ்வோர் அளவையும் சுட்டுப் பார்த்து, துளைகள் நெருக்கமாக விழும் அளவைத் தேர்ந்து கொள்கின்றனர்.