ஸ்பேஸ்பார் மட்டும் ஏன் உட்காரல?

நைட் டூட்டி முடிச்சு வீட்டுக்கு வந்தா பார்சல் காத்திருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கின என் மெக்கானிக்கல் கீபோர்டுக்கு ஆசைப்பட்டு ஆர்டர் போட்ட நீல நிற கீகேப் செட். தூங்காம உட்கார்ந்து மாட்டினேன். எழுத்து, எண் எல்லாம் டக் டக்னு உட்கார்ந்துச்சு. கடைசி வரிசையில ஸ்பேஸ்பார் மட்டும் ம்ஹூம்!

விற்றவர் ஏமாத்தல. இது முப்பது வருஷப் பழைய கதை. வாங்க பார்ப்போம்.

கீகேப் ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்க. உள்ளே கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அது செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச் தந்த வடிவம், 1980களில் வந்தது. அதே காலத்தில் ஜப்பானின் ஆல்ப்ஸ் சுவிட்சுக்கு செவ்வகத் தண்டு. 1985ல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டுக்கு வேறு அமைப்பு. ஒன்றின் மூடி இன்னொன்றில் ஏறாது. அப்போ யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல. கம்ப்யூட்டரோடு வருவதுதான் கீபோர்டு, அதில் நிறம் மாற்ற யார் நினைச்சாங்க?

பிறகு செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிய, 2010களில் பல கம்பெனிகள் அதே கூட்டல் குறியோடு சுவிட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க. தண்டுப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. கடைசி வரிசை தீரல.

ஒரு எழுத்துக் கட்டைக்கு ஒதுக்கிய இடம் 19.05 மி.மீ., அதாவது முக்கால் இஞ்ச். இதை ஒரு யூனிட் என்பார்கள். கடைசி வரிசை மொத்தம் 15 யூனிட். பழைய 101 கீ அமைப்பில் கன்ட்ரோல், ஆல்ட் தலா 1.5, நடுவே சும்மா விட்ட இடைவெளி, ஸ்பேஸ்பார் 7 யூனிட்.

1994ல் மைக்ரோசாப்ட் தன் நேச்சுரல் கீபோர்டில் விண்டோஸ் கீயைக் கொண்டு வந்தது. அடுத்த வருஷமே விண்டோஸ் 95. மூணு கட்டை கூடி 104 ஆச்சு. இடம் எங்கிருந்து வரும்? பக்கத்துக் கட்டைகள் ஏழும் தலா 1.25 ஆகச் சுருங்க, ஸ்பேஸ்பார் 6.25 ஆச்சு. கூட்டிப் பாருங்க, அதே 15.

பழைய 7 யூனிட் அமைப்பு அழகா இருக்குன்னு இன்னும் சிலர் விரும்பி வைக்கிறாங்க. என்கிட்ட மாட்டினது அதுதான். நீளம் மட்டும் பிரச்சினை இல்ல. ஸ்பேஸ்பார் சாயாமல் இருக்க இரு பக்கமும் தாங்கிகள் உண்டு. 6.25ல் அவற்றின் இடைவெளி 100 மி.மீ., 7ல் 114.3 மி.மீ. எவ்வளவு அழுத்தினாலும் உட்காராது, தண்டுதான் உடையும்.

இதைப் பார்த்ததும் எனக்கு சிரிஞ்ச் ஞாபகம் வந்துச்சு. எந்தக் கம்பெனி ஊசியும் எந்தக் கம்பெனி சிரிஞ்சிலும் சேருதே, கவனிச்சிருக்கீங்களா? 19ஆம் நூற்றாண்டில் வந்த லூயர் என்ற 6 சதவீதச் சரிவு முனைதான் காரணம். எங்களுக்கு அது வரம். ஆனா அதே வசதியால, உணவுக் குழாயில் போக வேண்டியது ரத்தக் குழாயில் போய் நோயாளிகள் இறந்திருக்காங்க. அதனால ஐஎஸ்ஓ 80369 என்ற தர வரிசையில், வேலைக்கு ஒரு முனை என்று வேண்டுமென்றே பொருந்தாதபடி மாத்தினாங்க. அங்கே பொருந்தாம இருக்கிறது உயிரைக் காக்குது. இங்கே என் 2,000 ரூபாயைத் தின்னுடுச்சு!

வாங்குமுன் ஸ்கேல் வச்சு அளந்துடுங்க. ஸ்பேஸ்பார் சுமார் 118 மி.மீ. என்றால் 6.25, சுமார் 132 என்றால் 7. சின்ன கீபோர்டு என்றால் வலது ஷிப்டையும் பாருங்க, 2.75க்குப் பதில் 1.75 இருக்கலாம். கழற்றும்போது கம்பி புல்லரால் நேரா மேலே இழுங்க, ஆட்டாதீங்க.

இந்தத் திரெட்டை நீலக் கட்டைகளும் பழைய கறுப்பு ஸ்பேஸ்பாரும் வச்சுத்தான் டைப் பண்ணினேன். 7 யூனிட் நீலம் தனியா எங்காவது கிடைச்சா சொல்லுங்க.