குடும்ப மருத்துவர் முறை (தமிழ்நாடு)

ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு மருத்துவரின் பொறுப்பில் பதிந்து, காய்ச்சலானாலும் சர்க்கரையானாலும் முதலில் அவரையே பார்க்கச் செய்யும் பொது மருத்துவ ஏற்பாடு. பிரிட்டனில் 1948 முதல் எல்லா மக்களுக்கும் இது கிடைக்கிறது. கியூபா 1984இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்னும் முழு வடிவம் பெறவில்லை.

இத்தனைக்கும் சென்னை மாகாணத்தில் 1920களிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருந்தது. கிராமத்தில் குடியேறித் தொழில் செய்ய முன்வந்த மருத்துவருக்கு அரசு மானியம் கொடுத்தது. ஏழைகளுக்கு அவர் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும். மருத்துவரை ஊரோடு பிணைத்த அந்த யோசனை, பின்வந்த பல திட்டங்களைவிடக் குடும்ப மருத்துவத்துக்கு நெருக்கமானது. 1946இல் ஜோசப் போர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு, உடனடித் திட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று பரிந்துரைத்தது. 1952 முதல் நிலையங்கள் எழுந்தன. ஊரில் குடியிருந்த மருத்துவரின் இடத்தை நிலையம் எடுத்துக்கொண்டது.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரி ஊர்களில் வீடுவீடாக ஆட்களை அறிந்தவர் கிராம சுகாதார செவிலியர்தான். கர்ப்பத்தைப் பதிவது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது, முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு விவரம் சேர்ப்பது எல்லாம் அவர் கையில். மருத்துவரோ மேற்படிப்புக்கோ இடமாறுதலிலோ போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அரசுப் பணியில் இருப்போருக்கு மேற்படிப்பில் தமிழ்நாடு ஒதுக்கும் இடங்களால்தான் அரசு மருத்துவமனைகளுக்கு நிபுணர்கள் கிடைக்கிறார்கள். ஆனாலும் வருஷக்கணக்கில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு, தன் உடம்பின் பழைய கதை தெரிந்த ஒரு டாக்டர் வேண்டும். சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் போதாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இயன்முறை சிகிச்சையும் படுக்கையில் கிடப்போருக்கான பராமரிப்பும் கூடவே வந்தன. பெரிய சாதனைதான். ஆனால் அதில் பெரும்பாலும் வீடு தேடி வருவோர் தன்னார்வலர்களும் செவிலியர்களும். ஆந்திரமோ 2023 ஏப்ரலில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே தமக்கு ஒதுக்கிய ஊர்களுக்கு மாதம் இருமுறை போகும் திட்டத்தைத் தொடங்கியது.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கும் பாடத்திட்டமும் அதே ஆண்டில்தான் நாடெங்கும் வந்தது. படிப்போடு அந்த உறவு முடிந்துவிடக் கூடாது. குடும்பங்களின் விவரம் செவிலியரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது; ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரே ஒரு மருத்துவரின் பெயரை எழுதி, அவரைச் சில ஆண்டுகளாவது அங்கேயே பணியில் வைத்திருப்பதை அரசு அடுத்த வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.