நிலை மூலதனமும் ஏரிப் பராமரிப்பும்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

முன்னுரை

ஒரு நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் எவ்வளவு பங்கு கட்டடம், சாலை, எந்திரம், பாசனப்பணி போன்ற நிலையான சொத்துகளை உருவாக்கச் செலவாகிறது என்பதை மொத்த நிலை மூலதன உருவாக்க விகிதம் காட்டுகிறது. தேசிய வருவாயில் 4 அல்லது 5 விழுக்காட்டைச் சேமித்து முதலீடு செய்யும் சமுதாயம் 12 முதல் 15 விழுக்காட்டை எட்டுவது எவ்வாறு என்பதே வளர்ச்சிக் கோட்பாட்டின் மையச் சிக்கல் என ஆர்தர் லூயிஸ் 1954இல் வரையறுத்தார். இந்தியாவில் 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருந்த இவ்விகிதம், அண்மைக்காலத்தில் 30 விழுக்காட்டை ஒட்டி அமைந்துள்ளது. எனினும், உருவான சொத்து தேயாமல் காக்கப்படுகிறதா என்பதை இவ்விகிதம் உணர்த்துவதில்லை. மானாம்பதி உள்ளிட்ட ஊர்களைக் கொண்ட உத்திரமேரூர் வட்டாரத்தின் ஏரி வரலாறு இவ்வினாவுக்கு விளக்கம் தருகிறது.

முதலும் பொலிசையும்

பருவமழையைச் சார்ந்த தொண்டைமண்டலத்தில் ஏரியே வேளாண்மையின் முதன்மையான நிலை மூலதனம். கரை, மதகு, கலிங்கு ஆகியன அதன் உறுப்புகள். உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலக் கல்வெட்டுகளிலேயே சுட்டப்படுகிறது. மழைநீருடன் வண்டலும் வந்து படிவதால், தூர்வாரப்படாத ஏரியின் கொள்ளளவு ஆண்டுதோறும் குறையும். இத்தேய்மானத்தை ஈடுசெய்ய, ஏரிப்பட்டி என்னும் பெயரில் நிலங்கள் ஒதுக்கப்பட்டதைத் தொண்டைமண்டலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கொடையாகப் பெற்ற பொன்னை முதலாக வைத்து, அம்முதல் குறையாமல், பொலிசையைக் கொண்டு தூர்வாரும் முறையும் இருந்தது. பராமரிப்பு எஞ்சிய பணத்தில் செய்யும் பணியாக அல்லாமல், தனி வருவாய் பெற்ற நிலையான கடமையாக விளங்கியது.

வாரியமும் கணக்கும்

முதற் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இக்கடமைக்குரிய நிர்வாக அமைப்பைக் காட்டுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவர் ஏரி வாரியத்தில் ஓராண்டு பணியாற்றினர். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய குறிப்பிட்ட உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவராயினர்.

இவ்வமைப்பைப் பொற்காலச் சான்றாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. வாரியத் தகுதிக்குக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் தேவைப்பட்டது. மண் சுமந்த நிலமற்றோர்க்கு அவையில் இடமில்லை. பிற்காலக் குடிமராமத்திலும் உழைப்பு முற்றிலும் விருப்பம் சார்ந்ததாக இல்லை என்பதை 1858ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் காட்டுகிறது.

முடிவுரை

இன்றைய தேசியக் கணக்கு முறையில் வழக்கமான பழுதுபார்ப்பு இடைநிலை நுகர்வாகக் கொள்ளப்படுகிறது. பெரும் புதுப்பிப்பும் புதிய கட்டுமானமுமே மூலதன உருவாக்கத்தில் சேரும். ஆகவே, பழைய ஏரியைத் தூரவிட்டுப் புதிய நீர்த்தேக்கம் கட்டினால் விகிதம் உயரும். ஏரியை ஆண்டுதோறும் பேணினால் அவ்வாறு உயராது. தேய்மானத்தைக் கழித்த நிகர மூலதன உருவாக்கம் இக்குறையை ஓரளவே நீக்கும். ஏனெனில் தேய்மானமும் பெரும்பாலும் மதிப்பீடே. ஒரு சொத்தின் பராமரிப்புக்கு உரிய வருவாய் எது, பொறுப்பாளர் யார், கணக்குக் கேட்பவர் யார் ஆகிய மூன்று வினாக்களுக்கும் உத்திரமேரூர்ச் சபை விடை வகுத்திருந்தது. இன்றைய ஊர் ஏரிகளுக்குச் செலவிடப்படும் முதலீட்டை மதிப்பிடும் ஆய்வுகள், தொகையின் அளவோடு இவ்வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.