உடன்போக்கு நாளும் கரணமும்: பண்டமாரானை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உடன்போக்கு என்னும் அகத்திணைச் செய்தியைக் காதலின் உணர்ச்சி வெளிப்பாடாகவே பெரும்பாலும் நாம் வகுப்பறையில் விளக்கி வருகிறோம். ஆயினும் உடன்போக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் நிகழ்வது. அந்நாளில் எப்பொழுது புறப்படுவது, எவ்வழியே செல்வது, பொழுது சாயுமுன் எங்குச் சேர்வது, எவர் முன்னிலையில் மணம் முடிப்பது என்பன முன்கூட்டியே எண்ணி முடிவு செய்யப்பட வேண்டியவை. இக்கால ஒழுங்கு ஒவ்வொரு காலத்தும் எவ்வாறு அமைந்தது என்பதைச் சங்க இலக்கியம், மலாயாத் தோட்ட வாழ்வு, இன்றைய மலேசியத் திருமணச் சட்டம் ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பிற்பகுதி ஆய்வுக்குக் களமாகச் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் மாவட்டத்திலுள்ள பண்டமாரான் கொள்ளப்படுகிறது. கிள்ளான் நகருக்கும் துறைமுகத்திற்கும் அண்மையில் அமைந்த இவ்வூர், தோட்டம், துறைமுகம், புதுக்கிராமம், நகர்ப்புறக் குடியிருப்பு ஆகிய நால்வகை வாழ்வின் சுவடுகளையும் ஒருங்கே கொண்ட வட்டாரத்தைச் சேர்ந்தது. உடன்போக்கு தமிழ் மரபில் மணத்திற்குப் புறம்பானதாகக் கருதப்படவில்லை என்பதும், அதனை நிறைவு செய்வது கரணமே என்பதும், கால ஒழுங்கில் கரணம் விடுபடும்போது இழப்பு பெண்ணையும் குழந்தையையுமே சாருகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சங்கப் பாடல்களில் புறப்படும் பொழுது

தொல்காப்பியம் உடன்போக்கைக் ‘கொண்டுதலைக்கழிதல்’ என அகத்திணையியலில் சுட்டுகிறது. இதற்குரிய பாடல்கள் பெரும்பாலும் பாலைத்திணையில் அமைந்தவை. அவற்றுள் புறப்படும் பொழுதைத் தெளிவாகக் காட்டுவது கயமனார் பாடிய நற்றிணை 12ஆம் பாடலாகும். இருள் புலரும் விடியல். வீட்டில் தயிர் கடையும் மத்தின் ஒலி எழுகிறது. அவ்வேளையில் தலைவி பிறர் காணாதவாறு தன் காற்சிலம்பைக் கழற்றிப் பந்துடன் வைக்கச் செல்கிறாள். அவற்றைக் காணும் ஆயத்தார் வருந்துவரே என எண்ணியதும் அவள் கண்கள் கலங்கிவிடுகின்றன. இதனைத் தோழி தலைவனிடம் எடுத்துரைக்கிறாள்.

இப்பாடலில் மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட பொழுது. வீட்டார் விழித்துத் தத்தம் பணியில் ஈடுபட்டிருக்கும் நேரம் அது. கடையும் ஒலி நடையின் ஒலியை மறைக்கக்கூடும். சிலம்பைக் கழற்றுவதும் அதே நோக்கத்திற்கு உதவும். இரண்டாவது, இத்திட்டத்தில் தோழிக்குரிய பொறுப்பு. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நாளையும் பொழுதையும் இசைவிப்பவள் அவளே. மூன்றாவது, திட்டமிட்ட பின்னரும் தலைவியின் மனநிலையைக் கருதித் தோழி அப்பயணத்தைத் தடுக்க முற்படுகிறாள். எனவே உடன்போக்கு எண்ணிப் பார்க்கவும் தள்ளிப்போடவும் இடமளித்த ஒரு முடிவு என்பது விளங்கும்.

இதனோடு அகநானூறு 86ஆம் பாடலை ஒப்பிடலாம். நல்லாவூர் கிழார் பாடிய அப்பாடல் பெற்றோர் இசைவுடன் நிகழும் மணத்தைக் காட்டுகிறது. அங்கும் பொழுது வைகறையே. திங்களும் உரோகிணியும் கூடிய நல்வேளையில், மணல் பரப்பிய பந்தரில், மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகின்றனர். உளுந்து கலந்த உணவு விருந்தினர்க்கு வழங்கப்படுகிறது. ஒரே விடியற்பொழுது ஓரிடத்தில் மறைவுக்கும் மற்றோரிடத்தில் ஊரறிந்த சடங்குக்கும் உரியதாகிறது. இரண்டிற்குமுள்ள வேறுபாடு சாட்சிகளின் இருப்பிலேயே அடங்கியுள்ளது.

கொடுப்போர் இன்றியும் கரணம்

உடன்போக்கு நிகழ்ந்த பின் என்ன ஆகும் என்னும் வினாவிற்குத் தொல்காப்பியக் கற்பியல் விடை தருகிறது. கொள்வதற்குரியவன் கொடுப்பதற்குரியோரிடமிருந்து கரணத்துடன் பெண்ணைப் பெறுவதே கற்பு என முதலில் வரையறுக்கும் ஆசிரியர், அடுத்த நூற்பாவிலேயே தலைவனும் தலைவியும் உடன்போகிய காலத்தில் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்கிறார். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்னும் வரலாற்றுக் காரணமும் அவ்வியலிலேயே இடம்பெறுகிறது.

இந்நூற்பாக்களின் வரிசை முறை கருதத்தக்கது. பெற்றோர் கொடுத்தலை விலக்கி வைக்க முடிந்த இலக்கணம், கரணத்தை விலக்கி வைக்கவில்லை. ஏனெனில் கரணத்தின் பயன் ‘நான் இவளை அறியேன்’ எனப் பின்னர் ஒருவன் பொய் கூறுவதைத் தடுப்பதாகும். அதாவது, கரணம் பெண்ணுக்குப் பாதுகாப்பாக வகுக்கப்பட்டது எனக் கொள்வதற்கு இந்நூற்பாக்கள் இடம் தருகின்றன.

கரணத்தை எந்த வீட்டில் நிகழ்த்துவது என்பதும் பேசி முடிவு செய்யப்பட்டது. ஐங்குறுநூற்றின் பாலைப்பகுதியை ஓதலாந்தையார் பாடினார். அதில் உடன்போன மகளை எண்ணித் தாய் இரங்குவதற்கு ஒரு பத்தும் (371–380), இடைச்சுரத்து நிகழ்ச்சிகளுக்கு ஒரு பத்தும் (381–390), மீண்டு வருதலுக்கு ஒரு பத்தும் (391–400) அமைந்துள்ளன. இவ்வைப்பு முறை உடன்போக்கைத் தொடக்கமும் திரும்புதலும் உடைய ஒரு முழு நிகழ்வாகக் காட்டுகிறது. 399ஆம் பாடலில், சிலம்பு கழிக்கும் சடங்கைத் தலைவன் வீட்டில் நிகழ்த்தினாலும் வதுவை மணத்தை எம் இல்லத்தில் நிகழ்த்தலாகாதா எனத் தலைவியின் தாய் வேண்டுகிறாள். மகளை இழந்ததாகக் கருதிய தாய், இறுதியில் மணவினையில் தனக்கொரு பங்கைக் கேட்கும் நிலைக்கு வருகிறாள்.

தோட்ட வாழ்வும் புதுக்கிராமமும்

மலாயாவிற்குத் தமிழர் தொழிலாளராகப் பெருமளவில் வந்தபோது இக்கால ஒழுங்கு வேறு கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938 வரை நீடித்தது. 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் (1972 முதல் கிள்ளான் துறைமுகம்) தமிழர் வந்திறங்கிய வாயில்களுள் ஒன்று. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஒவ்வொருவரின் வருகையும் சரிபார்க்கப்பட்டது. சங்கத் தலைவிக்கு மறைவளித்த விடியல், தோட்டத் தொழிலாளிக்கு இல்லாமை வெளிப்படும் பொழுதாயிற்று.

சட்டமும் இதில் குறுக்கிட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1871இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அது பின்னர் மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. அதன் 498ஆம் பிரிவு, பிறன் மனைவியைக் கவர்ந்து செல்வதைக் குற்றமாக்கியது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவனாகக் கணவனையே அது கருதியது. பெண்ணின் விருப்பத்திற்கு அதில் இடமில்லை. பெண்கள் எண்ணிக்கையில் மிகக் குறைந்திருந்த தோட்டச் சமூகத்தில், ஒரு பெண் எவருடைய மனைவி என்பதே வழக்கிற்குரிய வினாவாக மாறக்கூடிய சூழல் நிலவியது. தோட்டத் திருமணங்களோ பெரும்பாலும் கோயில் முன்னிலையில் தாலிகட்டுதலோடு நிறைவெய்தின. தோட்டத்து மூத்தோர் நினைவே அவற்றிற்குச் சான்று. தொழிலாளர் வேறு தோட்டங்களுக்குப் பெயர்ந்தபோது அச்சான்றும் சிதறியது.

அவசரகாலத்தில் (1948–1960) உருவான புதுக்கிராமங்களுள் பண்டமாரானும் ஒன்று. புதுக்கிராமங்களின் பொது அமைப்பாகிய முள்வேலி, காவலர் நிற்கும் வாயில், இரவு ஊரடங்கு, 1948இல் அறிமுகமான அடையாள அட்டை ஆகியவற்றை நோக்கும்போது, இரவில் ஊரை விட்டு வெளியேறுதல் என்னும் பழைய உடன்போக்கு முறை அக்காலத்தில் இயலாத ஒன்றாயிற்று எனலாம். வெளியேறுவோர் வாயில் திறந்திருக்கும் பகற்பொழுதில், அட்டையைக் காட்டியே செல்ல வேண்டியிருந்தது. அரசு ஒருவரின் நடமாட்டத்தைத் தாளில் பதியும் வழக்கம் இவ்வாறு அன்றாட வாழ்வில் நிலைபெற்றது.

இருபத்தொரு நாள்

1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 1952ஆம் ஆண்டின் குடிமைத் திருமணச் சட்டம் விரும்பியோர்க்கு மட்டுமே பதிவு வழியைத் தந்தது. வழக்காற்று மணத்தில் பலதார மணத்திற்கும் தடை இருக்கவில்லை. புதிய சட்டம் முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் பதிவையும் பொது விதியாக்கியது. தமிழர் வழக்கத்தை அது முற்றிலும் புறக்கணிக்கவில்லை. விலக்கப்பட்ட உறவுமுறைகளைப் பட்டியலிடும்போது, இந்துக்களிடையே தாய்மாமன், அக்காள் மகள் மணத்திற்கு விதிவிலக்கு அளிக்கிறது.

இச்சட்டத்தின்படி பெற்றோர்க்குத் தெரிவிக்காமல் மணம் செய்ய விழையும் பண்டமாரான் இணையர் ஒருவரின் கால ஒழுங்கைப் பின்வருமாறு கணக்கிடலாம். இருவரும் இருபத்தொரு வயது நிரம்பியவராயின் பெற்றோர் இசைவு தேவையில்லை. நிரம்பாதவர்க்குத் தந்தையின், அல்லது சட்டம் கூறும் பிறரின் எழுத்து வழி இசைவு வேண்டும். அறிவிப்பு கொடுப்பவர், அதற்கு முந்தைய ஏழு நாள் அந்தப் பதிவு வட்டாரத்தில் வசித்திருக்க வேண்டும். எனவே வீட்டைவிட்டு வேறு மாவட்டத்திற்குச் செல்பவர் முதலில் ஏழு நாளைக் கணக்கில் கொள்ள வேண்டும். அறிவிப்பு பதிவகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டப்படும். இருபத்தொரு நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் கிடைக்கும். அறிவிப்பு வெளியான ஆறு மாதத்திற்குள் மணம் நிகழ வேண்டும். மணநாளன்று, பதிவகத்தில் நிகழ்வதாயின் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில், கதவுகள் திறந்த நிலையில், குறைந்தது இரு சாட்சிகள் முன்னிலையில் அது நடைபெற வேண்டும். இருவரும் தம் சொந்த விருப்பத்தின் பேரிலேயே வந்துள்ளனரா எனப் பதிவாளர் வினவுவார். உதவிப் பதிவாளராக நியமனம் பெற்ற குருக்கள் உள்ள கோயிலில் சடங்கையும் பதிவையும் ஒரே வேளையில் முடிக்கவும் வழியுண்டு.

இவ்வொழுங்கில் மறைவுக்கு இடமில்லை. அறிவிப்புப் பலகையைக் காணும் உறவினர் எவரும் தடைமனு அளிக்கலாம். ஆயினும் அது சட்டம் கூறும் காரணத்தைக் கொண்டிருக்க வேண்டும். வயது நிரம்பிய இருவரின் மணத்தைச் சாதியோ குடும்ப விருப்பமின்மையோ மட்டும் தடுத்து நிறுத்த இயலாது. சங்கக் களவு அம்பலும் அலருமாக ஊரறிந்தது. இன்று அச்செய்தியை ஊரறியச் செய்வது சட்டமே. கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என்னும் நெறி இவ்வகையில் இச்சட்டத்திலும் தொடர்கிறது எனலாம்.

வரிசை மாறுவதன் விளைவு

நடைமுறையில் சிக்கல் எழுவது இவ்வரிசை தலைகீழாகும்போதே. அவசரத்தில் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பதிவைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடும் இணையர் இருபத்தொரு நாளைத் தாண்டிவிட்டதாகவே எண்ணுகின்றனர். உண்மையில் அவர்களுக்கு அந்நாள்கள் தொடங்கவே இல்லை. கணவன் இறந்தாலோ கைவிட்டாலோ, அப்பெண் முதலில் தான் மனைவி என்பதையே மெய்ப்பிக்க வேண்டியவளாகிறாள். தந்தை மலேசியக் குடிமகனாகவும் தாய் வெளிநாட்டவராகவும் உள்ள இடத்தில் விளைவு மேலும் கடுமையானது. பெற்றோர் மணம் சட்டப்படி அமையாத குழந்தைக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை தாயின் நிலையையே அளவுகோலாகக் கொள்வதால், அக்குழந்தை தந்தை வழிக் குடியுரிமையை இழக்கிறது.

இந்தியச் சூழலோடு ஒப்பிடும்போது மலேசிய முறையின் தன்மை மேலும் தெளிவாகும். தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒரே நாளில் அது நிறைவுறும்; அதற்குப் பொது அறிவிப்பு கட்டாயமில்லை என இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது. மாறாக, 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் முப்பது நாள் அறிவிப்பை வேண்டுகிறது. அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் இணையர்க்கு விரைவு உயிர்காப்பாக அமையலாம். அறிவிப்புக் காலமோ கட்டாய மணத்தையும் இருதார மணத்தையும் தடுக்க உதவலாம். மலேசியச் சட்டம் இரண்டாவதையே தேர்ந்துள்ளது. உரிமம் வழி இக்காலத்தைத் தவிர்க்கவும் சட்டம் இடமளிக்கிறது.

2023 டிசம்பரில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம், முன்னர்க் குறிப்பிட்ட 498ஆம் பிரிவு பால்வேறுபாடு காட்டுவதால் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தோட்டக் காலத்திலிருந்து பெண்ணைக் கணவனின் உரிமைப் பொருளாகக் கண்ட ஒரு விதி அதனால் நீங்கியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், உடன்போக்கு நாள் எக்காலத்தும் திட்டமிடலுக்கு உட்பட்டதே என்பது தெளிவாகும். சங்கப் பாடலில் அதனைத் தோழி வகுத்தாள். தோட்டத்தில் பெரட்டும் புதுக்கிராமத்தில் வாயிலும் அதனை வரையறுத்தன. இன்று பதிவகத்தின் இருபத்தொரு நாள் அதனை ஒழுங்குபடுத்துகிறது. மாறாது நிற்பது சாட்சியுடன் கூடிய கரணத்தின் தேவையே.

இது பாடத்திட்டத்தோடும் தொடர்புடையது. நற்றிணை 12ஐக் கற்பிக்கும் ஆசிரியர் கற்பியலின் தொடக்க நூற்பாக்களையும் உடன் கற்பித்தல் நலம். அவ்வாறு கற்பிக்கும்போது, பெற்றோரை மீறிய காதல் என்னும் அளவில் நின்றுவிடாமல், அக்காதலை மணமாக நிலைநிறுத்தும் பொறுப்பு இருவருக்கும் உண்டு என்பதை மாணவர் உணர்வர். இடைநிலைப்பள்ளி மாணவருள் சிலராவது சில ஆண்டுகளில் இவ்வினாவை நேரில் எதிர்கொள்ளக்கூடும். அப்போது எந்த அறிவிப்பை எப்பொழுது கொடுக்க வேண்டும் என்னும் எளிய அறிவு, ஒரு பெண்ணின் மனைவி நிலையையும் ஒரு குழந்தையின் குடியுரிமையையும் காக்க உதவும்.