'இரும்புக்கை மாயாவி' யாருக்குச் சொந்தம்? காமிக்ஸ் ஹீரோக்களின் உரிமைக் கணக்கு

டெல்லி புசா ரோடு. மேலே மெட்ரோவின் ப்ளூ லைன், கீழே கரோல் பாக்கில் இருந்து ராஜேந்திரா பிளேஸ் வரை ஓயாத டிராஃபிக். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இந்த ரோட்டில்தான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஓல்ட் ராஜிந்தர் நகரில், யூபிஎஸ்சி கோச்சிங்குக்காகத் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் நிறையப் பேர் தங்கியிருக்கிறார்கள்.

இங்கேயே வளர்ந்த ஒருவரிடம், "சின்ன வயசுல உங்க காமிக்ஸ் ஹீரோ யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். நாகராஜ், சூப்பர் கமாண்டோ துருவா, டோகா என்று பதில் வரும். அதே கேள்வியைத் தமிழ்நாட்டில் இருந்து வந்தவரிடமோ, அவருடைய அப்பாவிடமோ கேட்டால் இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர் என்பார்கள்.

முதல் பட்டியலில் இருக்கும் மூவரும் டெல்லிப் பதிப்பகம் ஒன்றுக்காக உருவாக்கப்பட்டவர்கள். இரண்டாவது பட்டியலில் இருக்கும் ஒருவர்கூடத் தமிழ்நாட்டில் பிறக்கவில்லை. படிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. யாராவது படம் எடுக்க வந்தால்தான் தெரியும். லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருப்பதாகப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். அவர் கதை என்னவாகவும் இருக்கட்டும். இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: அந்த ஹீரோ யாருக்குச் சொந்தம்?

மாயாவி எங்கே பிறந்தார்?

லண்டனில். 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழின் முதல் இதழிலேயே 'தி ஸ்டீல் க்ளா' தொடங்கியது. எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹேசுஸ் பிளாஸ்கோ. பின்னாளில் டாம் டல்லி எழுதினார். ஹீரோ லூயிஸ் க்ராண்டெலுக்கு ஒரு கை எஃகினால் ஆனது. மின்சாரம் தாக்கினால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் வில்லனாக இருந்தவர், பிறகு நல்லவராக மாறி நிழல் படையில் சேர்ந்தார்.

1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். பிரிட்டிஷ் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, தமிழில் பெயர்த்து வெளியிட்டார்கள். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அதே வழியில் போனது. ஸ்பைடர், ஆர்ச்சி இருவரும் பிரிட்டனில் இருந்து வந்தவர்கள். டெக்ஸ் வில்லர் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர்.

நம்ம ஊர்ல ஏன் புதுசா உருவாக்கல?

முக்கியமான காரணம் செலவு. புதிதாக ஒரு காமிக்ஸ் செய்ய எழுத்தாளர், பென்சில் ஓவியர், இங்க் போடுபவர் என ஒரு டீமுக்குப் பல மாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். ஹீரோ ஓடுவாரா என்பது புத்தகம் கடைக்குப் போன பிறகுதான் தெரியும். உரிமம் வாங்கினால், ஏற்கெனவே ஜெயித்த கதையும் தேர்ந்த ஓவியமும் தயாராகக் கையில் கிடைக்கும். மொழிபெயர்ப்பும் அச்சும்தான் மிச்சம். அச்சுத் தொழிலுக்கே பேர்போன சிவகாசிக்கு அந்தக் கணக்கு சரியாகப் பொருந்தியது.

ஆனால் உரிமம் என்பது வாடகை வீடு மாதிரி. எத்தனை வருடம் குடியிருந்தாலும் பத்திரம் நம் பெயருக்கு மாறாது.

டெல்லி என்ன செய்தது?

இந்தி காமிக்ஸ் உலகில் இரண்டு வேறு மாடல்களைப் பார்க்கலாம்.

பதிப்பகமே முதலாளி: ராஜ் காமிக்ஸ் 1986-ல் நாகராஜையும் 1987-ல் துருவாவையும் கொண்டுவந்தது. நாகராஜை உருவாக்கியவர்கள் எழுத்தாளர் பரசுராம் சர்மாவும் ஓவியர் பிரதாப் முல்லிக்கும். துருவா, அனுபம் சின்ஹாவின் படைப்பு. கதாபாத்திரங்கள் பதிப்பகத்தின் சொத்தாக இருந்தன. பின்னாளில் அந்தக் குடும்பத்தின் சகோதரர்கள் பிரிந்து, தங்கள் பெயர்களிலேயே தனித்தனியாக ராஜ் காமிக்ஸ் வெளியிடத் தொடங்கினார்கள். சொந்த ஹீரோ என்றால் பாகப்பிரிவினையும் சேர்ந்தே வரும்.

படைத்தவரே முதலாளி: சாச்சா சௌத்ரியை 1971-ல் உருவாக்கிய பிராண், உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். டைமண்ட் காமிக்ஸ் அவருடைய புத்தகங்களைப் பல ஆண்டுகள் வெளியிட்டது. பிராண் 2014-ல் மறைந்த பிறகும், அவர் குடும்பம் நடத்தும் நிறுவனத்தின் கையில்தான் சாச்சா இருக்கிறார். 2021-ல் 'நமாமி கங்கே' திட்டத்தின் சின்னமாக சாச்சா சௌத்ரி அறிவிக்கப்பட்டார்.

சிவகாசியின் உரிம முறை மூன்றாவது மாடல். ரிஸ்க் குறைவு, ஆனால் படம், பொம்மை, கேம் என்று அடுத்த கட்டம் வரும்போது முடிவெடுக்கும் இடத்தில் நாம் இருக்க மாட்டோம்.

அப்போ இன்னைக்கு மாயாவி யாரிடம் இருக்கிறார்?

பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் நிறுவனத்திடம். அடிப்படையில் வீடியோ கேம் கம்பெனி. 2000-ல் '2000 ஏடி' இதழை வாங்கியது. 2016-லும் 2018-லும் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியத்தை இரண்டு தவணையாக வாங்கியது. 'தி ஸ்டீல் க்ளா' கைமாறியது இரண்டாவது தவணையில். 2021-ல் அதைத் தொகுப்பாக மறுபதிப்பும் செய்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்கிறோம். கதைக்கும் ஓவியத்துக்கும் உரியது பதிப்புரிமை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்துப் பார்த்தால், மாயாவி மூன்று அடுக்காகப் பிரிவார்.

1. மூலக் கதையும் ஓவியமும்: மொழிபெயர்ப்பது, தழுவி எழுதுவது, படமாக்குவது எல்லாம் தனித்தனி உரிமைகள். மொழிபெயர்க்க அனுமதி வாங்கியவருக்குப் படம் எடுக்கும் உரிமை தானாக வந்துவிடாது. பெயர் தெரிந்த படைப்பாளியின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் இந்தப் பாதுகாப்பு உண்டு. பிளாஸ்கோ மறைந்தது 1995-ல், பல்மர் மறைந்தது 2005-ல். அந்தக் கணக்குப்படி ஓவியத்துக்கு 2055 வரையும், பல்மரின் எழுத்துக்கு 2065 வரையும் இங்கே பாதுகாப்பு தொடரும்.

2. தமிழ் வசனம்: அனுமதியோடு செய்த மொழிபெயர்ப்புக்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டு. நாம் சிறுவயதில் ரசித்த தமிழ் வரிகள் லண்டனுக்குத் தானாகச் சொந்தமாகிவிடாது.

3. தலைப்பு: வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை. 'தேசி பாய்ஸ்' படம் தொடர்பான வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ட்ரேட்மார்க் பதிவு இருந்தால் அது வேறு கணக்கு. ஆக, அந்தப் பெயரை வைப்பது ஒரு கேள்வி, க்ராண்டெலின் கதையை எடுப்பது முற்றிலும் வேறு கேள்வி.

ஐடியாவை எடுத்தால் தப்பா?

கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்ற ஐடியா யாருடைய சொத்தும் கிடையாது. ஐடியாவைச் சொல்லும் விதத்துக்குத்தான் பாதுகாப்பு. இதற்கு அடிப்படையான தீர்ப்பு டெல்லி சம்பந்தப்பட்டதுதான். 1956-ல் வந்த 'நியூ டெல்லி' இந்திப் படத்தில், பஞ்சாபிப் பையன் கிஷோர் குமார் வாடகைக்கு ரூம் கிடைக்காமல் மதராஸி வேஷம் போடுவார். தமிழ்ப் பெண்ணாக வைஜயந்திமாலா. அது தன்னுடைய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தின் நகல் என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்குப் போட்டார். மாகாணப் பாகுபாடு என்ற கரு இரண்டுக்கும் பொதுவானாலும், சொன்ன விதம் வேறு என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தது.

இதில் படைப்பாளிக்கு என்ன கிடைத்தது?

ஸ்பைடரின் கதையைப் பாருங்கள். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல், 1938-ல் தன் கூட்டாளி ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து அந்த உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார். சூப்பர்மேன் கோடிகளைக் குவித்தார், சீகல் வேலை தேடி அலைந்தார். 1960-களில் அவர் எழுதிக்கொடுத்த பிரிட்டிஷ் தொடர்களில் ஒன்றுதான் ஸ்பைடர். அதைத்தான் சிவகாசி தமிழாக்கியது. சூப்பர்மேன் படம் தயாராகிக்கொண்டிருந்த 1975-ல், பொதுவெளியில் போராடிய பிறகுதான் இருவருக்கும் வருடாந்திரப் பணமும் 'உருவாக்கியவர்கள்' என்ற பெயரும் கிடைத்தன.

நீங்கள் வரைபவர் என்றால்...

டெல்லியில் 2011-ல் தொடங்கிய காமிக் கான் 2024-ல் சென்னைக்கும் வந்துவிட்டது. வேலை முடிந்து இரவில் வெப்காமிக் வரைபவர்கள் உங்கள் ஆபீஸிலேயே இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை:

• உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

• சம்பளத்துக்கு வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொதுவாக முதலாளிக்கே முதல் உரிமை. ஆபீஸ் வேலையையும் சொந்த ஹீரோவையும் கலக்காதீர்கள்.

• உரிமையை விற்றாலும், 'படைத்தது நான்' என்று சொல்லும் உரிமை 57-வது பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

• புத்தகம், படம், கேம், டி-ஷர்ட் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பேசுங்கள்.

வாசகர் என்றால்...

முத்து, லயன் இதழ்கள் சந்தாதாரர்களையும் புத்தகக் காட்சி விற்பனையையும் நம்பித்தான் இன்னும் வருகின்றன. வெளிநாட்டு நிறுவனத்துக்கு ராயல்டி கட்டியாக வேண்டிய சின்னச் சந்தை இது. வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கேன் பிடிஎஃப், அடுத்த உரிமம் வாங்கும் காசில்தான் கைவைக்கிறது. டெல்லியில் இருந்தாலும் சந்தா கட்டினால் புத்தகம் வீட்டுக்கே வரும். தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாக மட்டும் பார்க்கும் குழந்தை வீட்டில் இருந்தால், படத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்க அது உதவும்.