தூத்துக்குடி பனிமய மாதா பேராலயம்

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், பழைய துறைமுகத்தை ஒட்டி நிற்கும் கத்தோலிக்கப் பங்குக் கோயில். ஊரார் வாயில் 'மாதா கோயில்', முதியவர்களுக்குத் 'தஸ்நேவிஸ் மாதா கோயில்'. 1923-இல் உருவான தூத்துக்குடி மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் இதுவன்று, திரு இருதய ஆலயம். ஆனாலும் ஊரின் அடையாளமாக யாரும் முதலில் கைகாட்டுவது பனிமய மாதாவைத்தான்.

முத்துக்குளித்த பரதவர்கள் 1530-களில் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடிக் கிறித்தவத்தைத் தழுவினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். பீடத்திலுள்ள மாதா சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகக் கோயில் மரபு சொல்கிறது. ஸ்பானியர் மணிலாவைப் பிடித்ததே 1571-இல்தான் என்பதால், அந்த ஆண்டையோ ஊரையோ அப்படியே ஏற்பது கடினம்.

1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் கத்தோலிக்கத்துக்குப் பகையான சீர்திருத்தச் சபையினர். அப்படியும் இன்றைய கோயில் அவர்கள் ஆட்சியிலேயே எழுந்தது: இயேசு சபைக் குரு விஜிலியுஸ் மான்சி 1712-இல் அடிக்கல் நாட்ட, 1713 ஆகஸ்டு 2-இல் அர்ச்சிப்பு நடந்தது. முத்தும் சங்கும் தந்த வருமானம் பரதவரின் மூச்சடக்கலை நம்பியிருந்ததே இந்தச் சகிப்புக்குப் பெருங்காரணம் எனலாம்.

1806-இல் பொன்தேர் முதலில் ஓடியது. இந்துக் கோயில் தேரைப் போலவே வடம் பிடித்து இழுக்கப்படும் அது, சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே தெருவுக்கு வரும்; மற்ற ஆண்டுகளில் சப்பர பவனிதான்.

இதற்கிடையே ஊரின் பிழைப்பு மாறியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் வந்தது, 1908-இல் வ.உ.சி. முன்நின்ற வேலைநிறுத்தத்தால் அது நாடறிந்த பெயரானது. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. உப்பளங்களைச் சுற்றி உர ஆலை, 1974-இல் பெருந்துறைமுகத் தகுதி, 1979-இல் அனல்மின் நிலையம் என்று ஊர் வளர்ந்தது. 1982-இல் கோயிலுக்குப் பேராலயப் பட்டம் கிடைத்தது.

திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி, ஆகஸ்டு 5-இல் நிறைவடையும். கொடியேறும்போது வெண்புறாக்களைப் பறக்கவிடுவார்கள். நேர்ச்சையாக வந்த பாலும் பழமும் கொடிமரத்தடியில் வைக்கப்படும். துறைமுகத்தின் இழுவைக் கப்பல்கள் சங்கு ஊதும். மதம் பாராமல் கூட்டம் கூடுவதால், ஆகஸ்டு 5 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், ஆட்சியர் அலுவலகம் நோக்கிய ஊர்வலத்துக்கு மக்கள் திரண்ட இடங்களில் ஒன்று இக்கோயிலின் முன்புறம். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். ஆறு நாளில் அரசு ஆலையை மூட ஆணையிட்டது. கோயிலின் முந்நூறாம் ஆண்டான 2013-இல் ஓடிய பொன்தேர், 2023 ஆகஸ்டு 5 அன்று மறுபடி வடம் பிடிக்கப்பட்டது.